மாடியில் இரண்டு பேர் மட்டும்

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இது போன வருஷத்து டைரி. பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்குக் கொடுத்து, யாரும் தொடாமல் மேஜைக்கு அடியில் கிடந்தது. கிழமை ஒத்துவராது, அதை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். புது டைரி வாங்குகிற காசுக்கு கோமதிக்கு மாதுளை வாங்கலாம்.

கோமதிக்கு ஐந்தாம் மாதம். இனி மறைப்பது கஷ்டம்.

மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்று வீட்டுக்காரம்மா மயிலாத்தாள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு பேருன்னா ரெண்டு பேருதானுங் தம்பி. நல்ல தண்ணி என்னிக்கு வருமுன்னே தெரியறதில்ல. ஒறம்பரை, சொந்தபந்தமுன்னு வந்தா ஒரு ராத்திரி படுத்துட்டுப் போகட்டும். மூணாவதா ஒரு ஆளு தங்குனா எனக்குக் கட்டாதுங்." முன்பு குடியிருந்தவர்கள் நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஒரு பட்டாளத்தையே கொண்டுவந்து இறக்கினார்களாம். அவர்கள் செய்ததற்கு நாங்கள் அனுபவிக்கிறோம்.

இந்த வாடகைக்குக் கோயம்புத்தூரில் இன்னொரு வீடு கிடைக்காது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகலாம் என்றால் கோமதிக்குத் தாய் இல்லை. சங்கரன்கோவிலில் அண்ணன் இருக்கிறான்; அவன் மனைவி போனை எடுப்பதே இல்லை. என் அம்மா, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை விட்டு நகர முடியாது. ஆகவே நாங்களும் பிள்ளையும் இந்த ஓர் அறையும்தான்.

நேற்று கோமதியின் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்துச் சத்தியம் வாங்கினேன். வீட்டுக்காரம்மாவிடம் பிள்ளை விஷயத்தை மூச்சுவிடக் கூடாது. பிறந்த பிறகு கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றால் எந்தப் பொம்பளையும் துரத்த மாட்டாள். அதுவரை ஒப்பேற்றிவிட்டால் போதும்.

"வயிறு என்ன கைப்பையா, முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வைக்க?" என்றாள். ஆனாலும் சத்தியம் செய்தாள். நல்ல பெண்.

ஆகஸ்ட் 23, புதன்

ஏற்பாடு இதுதான். கோமதி கீழே இறங்கக் கூடாது. தண்ணீர்க் குடம், குப்பை, மளிகை எல்லாம் என் பொறுப்பு. துணி காயப்போட மொட்டை மாடிக்கு மட்டும் போகலாம், அதுவும் மயிலாத்தாள் மதியத் தூக்கம் போடும் நேரத்தில். நைட்டிக்கு மேல் எந்நேரமும் துண்டு. ஜன்னலில் கீழ்க் கதவு மூடியே இருக்க வேண்டும்.

நல்ல தண்ணி வந்தது. குடங்களைத் தூக்கி ஏறியதில் இடுப்பு விட்டுப்போயிற்று. படி ஒன்று பாதி உடைந்திருக்கிறது, கால் வைத்தால் ஆடுகிறது. வீட்டுக்காரம்மாவுக்கு இதையெல்லாம் பார்க்கக் கண் இல்லை, ஆள் எண்ணத்தான் கண்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அதிர்ஷ்டம் என்று ஒன்று எனக்கும் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு செக்கப் செவ்வாய்க்கிழமைதான். கோமதியை எப்படிக் கீழே இறக்குவது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பார்த்தால் மயிலாத்தாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள், இனிமேல் செவ்வாய்க்கிழமைதானாம். "மாரியாத்தாளுக்குச் செவ்வாதானுங்களே ஒகந்தது" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெரு திரும்பியதும் நாங்கள் இறங்கினோம்.

பிள்ளை நன்றாக இருக்கிறது. ரத்தம் குறைவு, கீரை சாப்பிடச் சொன்னார்கள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பிள்ளை பிறக்கும் முன் அதற்கு எதுவும் புதிதாக வாங்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தச் சாத்திரத்தை ஏற்படுத்திய புண்ணியவானும் என்னைப் போல் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனாகத்தான் இருந்திருப்பான். எனக்கு ரொம்ப வசதி.

தொட்டிலுக்கு என் கல்யாண வேட்டி இருக்கிறது. பிள்ளைக்கு அடியில் விரிக்க ரப்பர் விரிப்பு விலை கேட்டேன், கேட்டதோடு சரி. கடையில் வெட்டிப்போட்ட ஃப்ளெக்ஸ் துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன. மேலே பழைய துணி விரித்தால் அதுவும் ரப்பர்தான். எதை எடுப்பது என்பதில்தான் தகராறு. கண்ணீர் அஞ்சலி கூடாது. வார்டு தலைவர் பிறந்தநாள் ஒன்று நல்ல கனமாக இருந்தது. என் பிள்ளை அவர் முகத்தில் மூத்திரம் போகட்டும் என்று சுருட்டி எடுத்துக்கொண்டேன். மெஷின் ஓட்டும் ஸ்டீபன் அண்ணன் ஒரு வாரமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மயிலாத்தாள் முருங்கைக்கீரை கொடுத்துவிட்டாள். இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. "மரத்துல கெடந்து வீணாப் போவுதுங்" என்கிறாள். போன வாரம் நாட்டுக்கோழி முட்டை. பாத்திரத்தைத் திருப்பி வாங்குகிற சாக்கில் மேலே ஏறிவந்து நோட்டம் விடத்தான் இதெல்லாம். நான் உடனுக்குடன் கழுவி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டுக்குள் வெற்றிலை வாசம் அடிப்பது போல் இருந்தது. கீழிருந்து ஜன்னல் வழியாக ஏறுகிறது போலும். மேல் கதவையும் மூடி வைக்கச் சொன்னேன். "மூச்சு முட்டுது, இதயாவது விடுங்க" என்றாள். பாதி திறந்து வைத்தோம்.

அக்டோபர் 8, ஞாயிறு

கோமதி முன்பு போல் பேசுவதில்லை. வேலை முடிந்து படியேறும்போது வீடு அப்படியே அடங்கிக் கிடக்கிறது. கல்யாணமான புதிதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். சத்தம் போடாதே என்று சொன்னது நான்தான். சொன்னபடி நடக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை என்று போன மாதம் அழுதாள். இன்று எண்ணெய் வைத்து இறுகப் பின்னி, நுனியில் கனகாம்பரம் வேறு. பூ ஏது என்று கேட்டேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பறித்தாளாம். தனியாக இருந்தே எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை யாரோ தாழ்த்திக் கட்டியிருக்கிறார்கள். என் பேன்ட் தரையைக் கூட்டுகிறது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்குப் பொட்டு வைத்தோம். பொரியும் கடலையும் கோமதிக்கு.

அக்டோபர் 27, வெள்ளி

காலையில் கடையில் ஒரு வளைகாப்பு பேனர் செய்தேன். எட்டடிக்கு ஆறடி. பெண்ணின் இரண்டு பக்கமும் மயில் வேண்டும், மேலே சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முகமாக வெட்டி ஒட்டினேன். அந்தப் பெண்ணுக்கும் ஏழாம் மாதம்தான். என் வீட்டில் ஒரு மஞ்சள் கிழங்குகூட இல்லையே என்று நினைத்தபோது கண் கலங்கி ஸ்கிரீன் மங்கிவிட்டது. மயில் ஒன்றுக்குக் கால் வைக்க மறந்தேன். ஸ்டீபன் அண்ணன்தான் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் கோமதியின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். கன்னத்தில் சந்தனம் காய்ந்திருந்தது.

"செக்கப்புல நீங்க மாத்திரைக்கு வரிசையில நின்னப்ப வாங்குனேன். நானே போட்டுக்கிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பாவம், தனக்குத்தானே வளைகாப்பு நடத்திக்கொண்டிருக்கிறாள். கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கையை அசைத்தாலே சலசலவென்று கீழ்வீடு வரை கேட்கும். வளையலைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய காட்டன் துணியைக் கிழித்து இரண்டு கையிலும் வளையலோடு சேர்த்துச் சுற்றிவிட்டேன். தீக்காயம் பட்டவள் போல் இருந்தாள்.

"இந்தச் சத்தம் பிள்ளைக்குக் கேக்கணும்னுதான் போடுவாவ" என்றாள்.

பிறந்த பிறகு கேட்கட்டும் என்றேன்.

நவம்பர் 6, திங்கள்

கீழே கொத்தனார் வந்திருக்கிறார். உடைந்த படியைப் பெயர்த்து சிமென்ட் போடுகிறார்கள். படிக்கட்டு நெடுகப் பிடித்து ஏற இரும்புக் குழாய் வைக்கப்போகிறார்களாம். எங்கள் குளியலறைத் தரையில் வழுக்காத கல் பதிக்க வேண்டும், ஒரு நாள் கதவைத் திறந்துவிடுங்கள் என்று மயிலாத்தாள் கேட்டாள். நான் கடைக்கு லீவு போட்டு, கோமதியைப் போர்வைக்குள் படுக்கவைத்துக் காய்ச்சல் என்று சொன்னேன்.

"படுக்கட்டும் சாமி, அம்மணிய எழுப்பாதீங்க" என்றாள் மயிலாத்தாள். அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நடிப்பைக் கண்டுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை நாள் செங்கலைத் தொடாதவள் ஏன் இப்போது செலவு செய்கிறாள்?

நவம்பர் 7, செவ்வாய்

தெரிந்துவிட்டது. கோயிலுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "ஏனுங் தம்பி, தை மாசம் வரைக்கும் இங்கதானுங்களே இருப்பீங்க? ஊருக்குக் கீது போற மாதிரி இல்லீங்களே?"

வீட்டைப் புதுசாக்கி, தையில் எங்களைக் காலி செய்யச் சொல்லி, கூடுதல் வாடகைக்கு ஆள் பார்க்கப்போகிறாள். தையில் என் பிள்ளை கைக்குழந்தை.

நவம்பர் 15, புதன்

ஸ்டீபன் அண்ணன் மூலமாக வெள்ளலூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பக்கத்தில் சாக்கடை. ஆனால் அந்த வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே சரி என்று சொல்லிவிட்டேன். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், தையில் பிள்ளை கையில் இருக்கும். கார்த்திகை முடிவதற்குள் மாறியாக வேண்டும். பிரசவத்துக்கென்று சேர்த்ததில் பெரும்பகுதி அட்வான்ஸுக்குப் போய்விட்டது.

நவம்பர் 16, வியாழன்

கோமதியிடம் சொன்னேன். இப்படி ஒரு சண்டை எங்களுக்குள் வந்ததில்லை. சண்டையையும் ரகசியக் குரலில்தான் போட வேண்டியிருந்தது.

"மாசமா இருக்கையில வீடு மாத்தக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அவளா வெரட்டினா தெருவுலயா நிப்ப?"

"அவங்க வெரட்ட மாட்டாங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "அந்தச் சத்தியத்த எடுத்துருங்க" என்றாள். "ஒரே ஒரு வாட்டி. நீங்களா எடுத்தாத்தான் உண்டு. பிள்ள மேல பண்ணுனது, நானா மீற முடியாது."

சத்தியத்தை எடுத்தால் நேரே கீழே போய்க் காலில் விழுவாள். என் பெண்டாட்டி யார் காலிலும் விழ வேண்டாம். முடியாது என்றேன்.

"அப்ப நீங்களாவது போயி அவங்கட்ட பேசுங்க."

அதுவும் முடியாது என்றேன். வளையல் துணியை அவிழ்த்து மூலையில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். படிக்கட்டில் விளக்கு வைக்க ஆசைப்பட்டாள். நான் வைத்தேன். அவள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கீழே மயிலாத்தாளும் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக் கதவிடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

எங்கள் திருமணத்தை யாரும் எதிர்க்கவில்லை, யாரும் துரத்தவில்லை. ஆனாலும் ஓடிவந்து ஒளிந்துகொண்டவர்கள் மாதிரி இருக்கிறோம். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று சாமான்களில் முதல் நடையை வெள்ளலூர் கொண்டுபோனேன். ஞாயிறு மத்தியானம் மயிலாத்தாள் படுத்திருப்பாள் என்று பாத்திரங்களைப் போர்வையில் சுற்றிச் சத்தமில்லாமல் இறக்கினேன். கோமதி முதுகு வலிக்கிறது என்றாள். அது ஒரு வாரமாக இருக்கிற வலி என்று நினைத்தேன். அங்கே ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பி வந்தால் மாடிக் கதவு திறந்து கிடந்தது. கீழ்வீடும் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரர், "அந்தம்மா ஆட்டோவுல கூட்டிட்டுப் போனாங்க. பெரியாஸ்பத்திரிக்கு" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பிரசவ வார்டு வாசலில் ஒரே கூட்டம். நான் யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு நர்ஸ் வெளியே வந்து, "சங்கரன்கோவில் கோமதியோட அம்மா யாரு?" என்று கூப்பிட்டார். கோமதிக்கு அம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெஞ்சிலிருந்து மயிலாத்தாள் எழுந்து, "நாந்தானுங்" என்றாள்.

பெண் குழந்தை. நாள் கொஞ்சம் முந்திவிட்டது, எடை குறைவு, மற்றபடி பயமில்லை என்றார்கள். மயிலாத்தாள் மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பழைய, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன குட்டிச் சட்டைகளையும் வேட்டித் துண்டுகளையும் எடுத்து நர்ஸிடம் கொடுத்தாள். அத்தனையும் மடித்து அடுக்கியிருந்தது. அவசரத்தில் அள்ளியது இல்லை. என் ஃப்ளெக்ஸ் துண்டு வெள்ளலூரில் கிடந்தது.

"எப்பருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க கதவச் சாத்த ஆரம்பிச்சீங்களே, அந்த வாரமே தெரியுமுங். வாந்தி எடுக்கற சத்தம் மாடின்னா கேக்காதுங்களா?"

"ஏன் கேக்கல?"

"மறைக்கறவங்களக் கேக்கலாமுங்களா? எம் மவளுக்கு ரெண்டு தங்காமப் போயி, மூணாவத ஒருத்தருக்கும் சொல்லாமத்தான் பெத்தா. உங்களுக்கும் அப்படி ஏதோ ஆயிருக்குது, கண்ணு பட்டுருமுன்னு பயப்படறீங்கன்னு நெனச்சேன். அம்மணியும் வாயத் தொறக்கல. நானும் கேக்கல. சும்மா போயித் தலை பின்னி உட்டுட்டு வருவேன்."

செவ்வாய்க்கிழமைக் கோயில். கீரை. தாழ்த்திக் கட்டிய கயிறு. படி. குழாய். வழுக்காத கல். ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தன. வளையல் யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேருதான்னு சொன்னீங்களே" என்றேன். "மூணாவதா ஒரு ஆளு வந்தா வீடு இல்லன்னு. அதான் மறைச்சோம்."

மயிலாத்தாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"எனக்கா பயந்தீங்க?" என்றார். "பச்சப் புள்ளய ஆளுக் கணக்குல சேக்கற மனுசியாட்டவா தம்பி நான் இருக்கறேன்?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கொஞ்சம் தள்ளி வேறொரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 12, செவ்வாய்

கோமதியைப் பார்க்க விட்டார்கள். பிள்ளை அவள் மூக்கைக் கொண்டு வந்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தகுதி இல்லைதான், ஆனாலும் கேட்டேன்.

"அவங்க தெனமும் வருவாங்கன்னு சொன்னா நீங்க மறுநாளே வீடு பாக்கக் கெளம்பிருப்பிய. இல்லன்னா வெளிய பூட்டிட்டுப் போயிருப்பிய."

"நான் அப்படிச் செய்வேனா?"

அவள் பிள்ளையின் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

டிசம்பர் 14, வியாழன்

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கோமதி இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். ஒரு படியும் ஆடவில்லை. வெள்ளலூர் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டாராம். போனது போனதுதான். பாத்திரங்களை மட்டும் ஸ்டீபன் அண்ணன் வண்டியில் திருப்பிக் கொண்டுவந்தார்.

மயிலாத்தாம்மா ராத்திரிக்கும் மேலேதான் படுக்கிறார். தீட்டுக் கழிகிற வரை நான் உள்ளே வரக் கூடாதாம். அவர் வீட்டு முன்னறையில் எனக்குப் பாய். என்னிடம் சாப்பாடு, தண்ணீர், துணி பற்றி மட்டும்தான் பேசுகிறார். "தம்பி" என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. இனி யாரும் வீடு மாற முடியாது.

சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியம் வாங்கிக்கொண்டு வந்தேன். படியேறத் தொடங்கியபோது மேலே பேச்சுச் சத்தம். கோமதி ஏதோ சொல்கிறாள், மயிலாத்தாம்மா "அடி ஆத்தே" என்கிறார், வளையல்கள் குலுங்குகின்றன, கோமதி சிரிக்கிறாள். அப்படிச் சிரித்து நான் கேட்டே எத்தனையோ மாதம் ஆகிறது.

நான் இரண்டு படி ஏறினேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். மேலே சிரிப்பு நின்றது. வளையலும் நின்றது. பழைய பழக்கம். இத்தனை நாளும் நான் வேலை முடிந்து வந்து கேட்ட அமைதி இதுதான். மூன்று மாதம் இந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நான் வருகிற வரைக்கும்.

லேகியத்தைப் படியில் வைத்தேன். "கடைக்கு மறுபடி போயிட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தடதடவென்று இறங்கினேன். கீழே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகு வெறுங்காலோடு, புதிதாகப் போட்ட அந்தப் படி வரைக்கும் ஏறி உட்கார்ந்தேன்.

மேலே பிள்ளை லேசாகச் சிணுங்கியது. வளையலைக் குலுக்கிக் காட்டுகிறாள் போலிருக்கிறது, சலசலவென்று கேட்டது. சிணுங்கல் நின்றது. கோமதி மறுபடியும் பேச ஆரம்பித்தாள்.